ஏழு தண்ணீர் கண்ட கீரை

சேசு மரி சூசை துணை

கண்டரமாணிக்கம்,
9.10.2025, வியாழக்கிழமை.

காரைக்குடியில் மகன் வீட்டில் இருக்கும் மதிப்புக்குரிய மதினி சவரியம்மாள் அவர்களுக்கு, உங்கள் தம்பி உபகாரசாமிக்கு வாக்கப்பட்ட செபஸ்தியம்மாள் என் கைப்பட எழுதுவது. இங்கு நானும் உங்கள் தம்பியும் ஆண்டவர் இரக்கத்தில் சுகம். உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை, ஏனென்றால் போன ஞாயிறு பூசைக்கு நீங்கள் யார் கையையும் பிடிக்காமல் படியேறியதாகப் பார்த்தவர்களே வந்து சொல்லிவிட்டார்கள். உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பாசத்தில் எழுதுகிற கடிதம் இல்லை. அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை. நேர்ச்சையில் "எழுதி" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் போனிலேயே முடித்திருப்பேன், ஆனால் போனில் பேசினால் நீங்கள் நடுவில் புகுந்துவிடுவீர்கள், காகிதத்தில் உங்களால் புக முடியாது, அந்த வகையில் அந்தோணியார் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். விஷயம் இதுதான். 1973-ஆம் வருடம் தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை நீங்கள் எனக்குச் செய்ததை நான் மன்னித்துவிட்டேன். அது ஒன்றை மட்டும்தான். 1974-இல் என் மூத்த மகன் ஞானஸ்நானத்துக்குப் பிறந்த குழந்தைக்குக் கூடப் போதாத சட்டையைக் கொண்டுவந்து நாலு பேர் முன்னால் போட்டுப் பார்த்தது, 1986-இல் வாங்கிப்போன இட்லிக் கொப்பரையை வேறு ஏதோ பாத்திரத்தின் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தது, 1998-இல் என் மகள் கல்யாணப் போட்டோவில் என்னைத் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்தது, இவையெல்லாம் நேர்ச்சையில் சேரவில்லை, அவை இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன.

மூன்றாம் வெள்ளி உங்களுக்கு மறந்திருக்கும். செய்தவர்களுக்கு மறந்துதான் போகும். நான் கல்யாணமாகி வந்து நாற்பத்தோராவது நாள். வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது என்று அரைக்கீரை கடைந்தேன், புது மருமகள், பதினோரு பேருக்குச் சமையல், கிணற்றில் தண்ணீர் இறைத்து இறைத்துக் கை கொப்பளித்திருந்தது, கீரையை ஒரு தண்ணீரில் அலசிப் போட்டுவிட்டேன், அது என் தப்புதான், இன்றைக்குத்தான் முதல்முதலாக ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் பிறந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்து நடுப்பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தீர்கள், கறுக்கென்று சத்தம் கேட்டது, அப்படியே தட்டைத் தள்ளிவிட்டு, "என்னடி செபஸ்தி, கீரையைக் கடையச் சொன்னா ஒங்க அப்பன் வயலைக் கடைஞ்சு வச்சிருக்க" என்றீர்கள். பந்தியே சிரித்தது. உங்கள் தம்பியும் சிரித்தார். அதோடு விட்டீர்களா, எழுந்து கை கழுவிக்கொண்டே, "இனி சாகுமட்டும் இவ கைக் கீரை என் நாக்குல படாது" என்று கொல்லைப்புறத்துச் சேவலுக்குக் கூடக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். சொன்னபடி ஐம்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டீர்கள், நம் வீட்டு எத்தனை விசேஷத்தில் கீரை வைத்தபோதும் இலையில் அந்த மூலையைக் கையால் மூடிக்கொண்டீர்கள், அந்த வைராக்கியத்தை மட்டும் நான் மெச்சத்தான் வேண்டும்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தப் பழக்கம். கீரை என்றால் ஏழு தண்ணீர். முதல் தண்ணீரில் வேரோடு முக்கி எடுப்பேன், இரண்டாவதில் வேரை வெட்டி வீசிவிட்டு அலசுவேன், மூன்றாவதில் கல்லுப்புப் போட்டு ஊறவைப்பேன், அப்புறம் இலை இலையாகப் பிரித்து நாலு தண்ணீர், கடைசித் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் வைத்துப் பார்த்து, அடியில் ஒரு பொட்டு இல்லை என்றால்தான் கீரை அடுப்படிக்குள் போகும். உங்கள் தம்பி, "கீரைக்கு ஞானஸ்நானமே குடுத்துட்ட, பேரு ஒண்ணு வச்சிரு" என்று கேலி பேசுவார். பேசட்டும். என் கீரையில் அதற்கப்புறம் யாருக்கும் மண் கடித்தது கிடையாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன மே மாதம் கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டை இடித்தார்கள். இடிப்பு வேலை எடுத்தவன் சின்னக்கருப்பன், டிராக்டர் வைத்திருக்கிறானே, அவன்தான். அந்தக் காலத்துச் சுவர் என்றால் உங்களுக்குத் தெரியாததா, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்தது, தொட்டால் வழுக்கும். நான் யோசித்தேன், ஒரு ரோசாச் செடிக்கு நாலு முட்டை ஓடு போட்டாலே எப்படிப் பூக்கிறது, அந்த வீட்டுச் சுவர் ஆயிரக்கணக்கில் முட்டை குடித்த சுவராயிற்றே, அந்தப் பொடியைக் கொட்டினால் என் கீரைப்பாத்தி எப்படி இருக்கும். உங்கள் தம்பியிடம் கேட்டேன், அவர் காதில் மிஷின் வைத்திருக்கவில்லை, தலையை ஆட்டினார். சின்னக்கருப்பனைக் கூப்பிட்டு, "சுவத்துப் பொடி ஒரு டிரிப்பு கொண்டாந்து போடுப்பா, கட்டி வேணாம், பொடியாப் பார்த்துக் கூட்டி அள்ளிக்கிட்டு வா" என்றேன். அவன், "ஆத்தா, அது பூராம் முட்டைதான், அள்ளிக்குங்க" என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து கொட்டினான். சாணி எருவோடு கலந்து பாத்தி பிடித்தேன். மண்ணுக்குள் பச்சையும் நீலமுமாக நகம் நகமாகச் செதில் மின்னியது, சுவரில் தீட்டியிருந்த பூவேலையாக இருக்கும், மண்ணே சித்தாடை கட்டின மாதிரி இருக்கிறது என்று நான் அழகு வேறு பார்த்தேன். கீரை எப்படி வந்தது தெரியுமா, தண்டு ஒவ்வொன்றும் உங்கள் மருமகள் கையளவு.

அதே சமயத்தில்தான் நம் ஷீலா, என் மூத்த மகன் பெற்ற மூத்தவள், உங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கிறாளே, அவள் உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து. அந்த ஆறு வருடம் அவளை யார் யார் என்ன கேட்டார்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை, அதையும் குறித்துத்தான் வைத்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு இரும்புச் சத்து வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்குச் சிறகு முளைத்தது. ஜூன் பாதியிலிருந்து ஒவ்வொரு புதனும் விடிகாலையில் கீரை பறித்து, ஏழு தண்ணீர் காட்டி, வேட்டித் துணியில் ஈரம் போக்கி, மஞ்சள் பையில் வைத்து உங்கள் தம்பியை ஒன்பது மணி பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். சாயங்காலம் ஷீலாவுக்குப் போன் போட்டு, கீரை எப்படி இருந்தது என்று கேட்பேன். "ரொம்ப நல்லாருந்துச்சுன்னாக அப்பத்தா, இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டாக" என்பாள். மாப்பிள்ளை அந்தோணி பிரபுவும் விரும்பிச் சாப்பிடுகிறார் போல என்று பூரித்துப் போவேன். இப்படிப் பதினைந்து புதன்.

பதினைந்தாம் புதன் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பெல்சி வந்தாள். ஷீலாவின் தங்கை, மதுரையில் மண், தண்ணீர் எல்லாம் சோதிக்கிற லேப்பில் வேலை பார்க்கிறாள். கொல்லைக்குப் போனவள் பாத்தி ஓரத்தில் குத்தவைத்தாள், அந்தப் பச்சைச் செதில் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள், முகம் சுண்டிப்போனது.

"அப்பத்தா, இது எங்குட்டிருந்து வந்துச்சு?"

"கீழச்சிவல்பட்டி வீட்டுச் சுவரு. முட்டை போட்டது."

"இது முட்டை இல்ல அப்பத்தா. பெயிண்டு. சுரண்டுன பெயிண்டு. மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

சின்னக்கருப்பனுக்குப் போன் போட்டோம். அவன், "நாப்பது சன்னலு, ஏழு கதவு ஆத்தா, பழைய சாமான் கடைக்காரவுக பெயிண்டைச் சுரண்டிக் குடுத்தாத்தான் எடுப்போமுன்டாக, அங்கனயே வச்சுச் சுரண்டுனோம், அது அப்படியே சுவத்துப் பொடி மேல கெடந்துச்சு, நீங்கதானே கூட்டி அள்ளிக்கிட்டு வரச் சொன்னீக" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதனால்தான் எனக்கு அவன் மேல் இன்னும் ஆத்திரம்.

அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும் என்றாள் பெல்சி. ஈயம்தானே, ஈயச் சொம்பில்தானே நாங்கள் இத்தனை காலம் ரசம் வைத்தோம் என்றேன். அது வெள்ளீயமாம், இது காரீயமாம், அது வேறு குலம் இது வேறு குலம். காரீயம் உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், பிள்ளைத்தாய்ச்சி உடம்பில் என்றால் வயிற்றில் இருக்கிற பிள்ளை வரைக்கும் போய்விடுமாம், பிள்ளையின் மூளைக்கு ஆகாதாம். அதைச் சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கேட்டேன், மண்ணில் கிடப்பது கீரைக்குள் எப்படிப் போகும், கீரைக்கு என்ன வாயா இருக்கிறது என்று. அவள் சொன்னாள்: "வேருதான் அப்பத்தா வாயி. மண்ணுல இருக்குற தண்ணிய அது உறிஞ்சும்போது அதுல கரைஞ்சிருக்குறதும் கூடவே ஏறிக்கிரும். இரும்பு, துத்தநாகம் எல்லாம் செடிக்கு வேணும், அதுக்குன்னு வேருல வாசல் வச்சிருக்கு. அந்த வாசல்ல வேண்டாததும் நுழைஞ்சிரும், செடிக்கு ஆளு அடையாளம் தெரியாது." எனக்குப் புரிந்துவிட்டது. 1998 கல்யாணத்தில் நம் வீட்டாளென்று நினைத்துப் பந்தியில் உட்காரவைத்தோமே, இரண்டு நாள் இருந்து தின்றுவிட்டுப் போனானே ஒருவன், கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்கும் அவன் யாரென்று தெரியவில்லையே, அதே கதைதான்.

"இந்த ஈயம் அதிகமா வேருலயே நின்னுக்கிரும், அதுக்கு அடுத்தது இலை, காயில கொஞ்சந்தான் வரும். கத்தரிக்காய் போட்டிருந்தாக் கூட இவ்வளவு பயமில்ல, நீங்க கீரையில்ல போட்டுருக்கீக" என்றாள் பெல்சி. சொல்லிவிட்டு ஷீலா தினம் தின்றாளா என்று கேட்டாள். வாரம் ஒரு கட்டு, பதினைந்து வாரம் என்றேன். அவள் எழுந்து பொட்டலம் கட்டக் காகிதம் தேடினாள்.

மாதிரி எடுக்க வேண்டும் என்றாள். மண் ஒரு பொட்டலம், வேர் ஒரு பொட்டலம், கழுவின கீரை ஒன்று, கழுவாத கீரை ஒன்று. மூன்றுக்குச் சரி என்றேன், கழுவாத கீரையை என் வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டேன் என்றேன். "அப்பத்தா, இது தின்ன இல்ல, மிஷினுக்கு" என்றாள். மிஷினாக இருந்தால் என்ன, நாளைக்கு யாராவது பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துச் செபஸ்தியம்மாள் வீட்டுக் கீரையில் மண் என்று சொன்னால் எனக்குத்தானே பேர். அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில், "இது ஆய்வுக்காக வேண்டுமென்றே கழுவாமல் விட்டது, செபஸ்தியம்மாள் கழுவாமல் விட்டதல்ல" என்று எழுதிப் பொட்டலத்தோடு சேர்த்து ஒட்டிய பிறகுதான் கொடுத்தேன். லேப்பில் அதைப் பார்த்து எல்லோரும் போட்டோ எடுத்தார்களாம், எடுக்கட்டும். மதுரைக்குப் போகுமுன் காரைக்குடிக்கு வந்து ஷீலாவுக்கும் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தாள். நானும் கூடப் போனேன். நான் அருள் நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன், ஷீலாவோ ஒரு கலவரமும் இல்லாமல் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள், "நீங்க பயப்படாதீக அப்பத்தா, எனக்கு ஒண்ணும் இருக்காது" என்று எனக்கே தைரியம் சொன்னாள். என் ரத்தமல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளை எந்த எதிரிக்கும் ஆண்டவர் கொடுக்க வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். எனக்கு எதுவும் மறக்காது என்று ஊரெல்லாம் சொல்லும், அது வரம் இல்லை மதினி. முதல் புதன் அரைக்கீரை, இரண்டாம் புதன் சிறுகீரை, மூன்றாம் புதன் தண்டுக்கீரை, அதில் இளசாகப் பார்த்துப் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று நானே கிள்ளிக் கிள்ளி வைத்தேன். இது செபமாலை மாதம், சாயங்காலம் மாலையைக் கையில் எடுத்தால் பதினைந்து தேவ இரகசியத்துக்குப் பதிலாகப் பதினைந்து புதன்தான் வரிசையாக வந்தது. ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளைக்கு என் கையாலேயே, அதுவும் வேட்டித் துணியில் ஈரம் போக்கி, விஷம் அனுப்பியிருக்கிறேனே என்று நினைத்தால் வைத்த கஞ்சியைத் தொடாமல் மூடி வைப்பேன். உங்கள் தம்பி அந்த மஞ்சள் பையை எடுத்துத் துவைத்துத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் கொண்டுபோனது அவரல்லவா.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் அந்தோணியார் முன்னால் போய் நின்றேன். மெழுகுவர்த்தி நேர்ந்தேன், அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உப்பு மிளகு நேர்ந்தேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறேன் என்றேன், என் முழங்காலை அவர் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் யோசித்தேன், இதெல்லாம் கடையில் கிடைப்பது, காலால் ஆவது, என்னிடம் இருக்கிறதிலேயே விட முடியாதது எது. உங்கள் நினைவுதான் வந்தது. "அந்தோணியாரே, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று வரட்டும், சவரியம்மாளுடைய 1973-ஐ மன்னித்து என் கைப்பட எழுதிப் போடுகிறேன்" என்றேன். அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

நேற்று மத்தியானம் பெல்சி போன் போட்டாள்.

"அப்பத்தா, உக்காந்திருக்கீகளா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு."

"ஷீலா ரத்தத்துல ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. பிள்ளைக்கு ஒரு பயமும் இல்ல."

நான் அப்புறந்தான் உட்கார்ந்தேன், கிணற்றடிக் கல்லில். மீதியையும் அவளே சொன்னாள். மண்ணில் ஈயம் எக்கச்சக்கமாம், வேரிலும் நிறைய நின்றிருக்கிறதாம். ஆனால் இலைக்குள் ஏறினது சொற்பம்தானாம், ஏனென்றால் அந்தச் சுவரில் இருந்த சுண்ணாம்பே ஈயத்தைக் கரைய விடாமல் மண்ணோடு கட்டிப் போட்டுவிட்டதாம், சாணி எருவும் கூடச் சேர்ந்து பிடித்துக்கொண்டதாம். கெடுத்தது கதவு, காத்தது சுவர், இரண்டும் ஒரே வீட்டுச் சாமான். "மிச்சம் இருந்தது இலை மேல ஒட்டுன தூசி அப்பத்தா. தண்ணி ஊத்தும்போது தெறிக்கிற மண்ணு. அதுலதான் ஆபத்தே. கழுவாத கீரையில அளவுக்கு மேல பல மடங்கு இருக்கு. நீங்க கழுவுன கீரையில அனுமதிச்ச அளவுக்குக் கீழதான் இருக்கு. எங்க லேப்புலயே நம்பாம ரெண்டாந்தரம் ஓட்டிப் பாத்தாக. எத்தனை தண்ணியிலதான் கழுவுறீக?"

"ஏழு."

"ஏன் ஏழு? எந்த டாக்டரு சொன்னாக?"

மதினி, எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நடுப்பந்தியில் தட்டைத் தள்ளிவிட்டுப் போன ஒருத்தி சொன்னது அது. அன்றைக்கு உங்களுக்குக் கறுக்கென்று கடிக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் ஒரு தண்ணீரில் அலசித்தான் அனுப்பியிருப்பேன். இதற்காக நான் உங்களுக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள், நேர்ச்சை மன்னிப்புக்குத்தான், நன்றிக்கு இல்லை. ஆனால் நடந்தது இதுதான், உள்ளதை மறைத்து எழுதி எனக்குப் பழக்கமில்லை.

போனை வைத்துவிட்டு நான் சத்தம் போட்டு அழுதேன், அப்புறம் சிரித்தேன், இரண்டும் கலந்து என்னவோ மாதிரி கேட்டிருக்கிறது, உங்கள் தம்பி காதில் மிஷின் இல்லாமலே ஓடிவந்து, "யாரு போய்ட்டா?" என்றார். "ஒருத்தரும் போகலை, எல்லாரும் இருக்காக" என்றேன். ஒன்பது நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சோறு தின்றோம், பழைய ஊறுகாயும் அப்பளமும்தான், அதைப் போல ருசி நான் எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை. ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன், வரிசையாக வந்த பதினைந்து புதனும் வரவில்லை.

பாத்தியை மூடியாயிற்று. பெல்சி சொன்னபடி அதன் மேல் கனமாகப் புது மண் போட்டுக் கனகாம்பரம் நட்டிருக்கிறேன், பூவைக் கோயிலுக்குக் கொடுப்பதாக எண்ணம், யாரும் தின்னப் போவதில்லை. சூரியகாந்தி போட்டால் ஈயத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும் என்று சின்னக்கருப்பன் போனில் என்னவோ பார்த்துவிட்டு விதையோடு வந்து நின்றான், பெல்சி அது ஈயத்துக்குச் சரிவராது, நம் ஆயுசு காணாது என்றதும் விதையை வறுத்துத் தின்றுவிட்டுப் போனான். கீரைக்கு இனித் தொட்டிதான், பெல்சி வந்த அன்றைக்கே கண்மாயிலிருந்து கரம்பை மண் எடுத்துவந்து விதை தெளித்தேன், அந்த மண்ணையும் அவள் கூடவே சோதித்துவிட்டாள், குறையில்லை. முளைத்து விரல் உயரம் நிற்கிறது.

ஆக, நேர்ச்சை தீர்ந்தது. மூன்றாம் வெள்ளி உங்களை விட்டு நீங்கியது. நீங்களும் உங்கள் சபதப்படி என் கைக் கீரையைத் தொடாமலே இருந்துகொள்ளலாம், எனக்கு இனி அதில் வருத்தமில்லை. செபமாலை மாதா உங்கள் குடும்பத்தைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்கவும், என் வலிக்கு அது கேட்கிறது. ஷீலாவுக்கு ஜனவரியில் நாள் குறித்திருக்கிறார்கள், எதிர்வீட்டில் இருப்பதால் ஒரு கண் வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு, உங்கள் தம்பி மனைவி,
செபஸ்தியம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஷீலா போன் போட்டாள். இப்படி உங்களுக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் மெதுவாக, "அப்பத்தா, கோவிச்சுக்கிராதீக, நான் அந்தக் கீரையில ஒரு இலை கூடத் தின்னலை" என்கிறாள். மூன்றாம் மாதத்திலிருந்து கீரை வாசம் பட்டாலே அவளுக்குக் குமட்டலாம். முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்னடி என்றால், "சொன்னா என் பேரும் உங்க லிஸ்டுல ஏறிரும்ல, இருக்குற பேருகளைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு" என்கிறாள். அதனால்தான் சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருக்கிறாள். நடக்காத ஆபத்துக்கு நான் நேர்ந்திருக்கிறேன், அந்தோணியார் அதைத் தெரிந்துகொண்டே வாங்கியிருக்கிறார், அவர் பேரையும் குறித்துக்கொண்டேன்.

அப்படியானால் பதினைந்து புதன் கீரையும் எங்கே போனது என்று கேட்டேன். எதிர்வீட்டுக்குப் போனதாம். உங்கள் வீட்டுக்கு, மதினி. சந்தைக்காரி ஒருத்தி வாசலில் கொண்டுவந்து தருகிறாள் என்று உங்கள் மருமகளிடம் கொடுத்திருக்கிறாள். கேட்டதும் மறுபடியும் மாலையைக் கையில் எடுத்தேன், பயப்பட வேண்டாம், போன திங்களுக்கு முந்தின திங்கள் பெல்சி வந்து சர்க்கரை பார்க்கிறேன் என்று உங்களுக்கும் உங்கள் மகன், மருமகளுக்கும் ஆள் கூட்டிவந்து ரத்தம் எடுக்க வைத்தாளே, அது சர்க்கரைக்கு இல்லை, ஷீலா அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதில் மூன்று பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று இன்று காலையில்தான் வந்ததாம், உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், அதை யாரும் பார்க்கவே இல்லை. ஏழு தண்ணீர் உங்களைத்தான் காத்திருக்கிறது.

இன்னொன்றும் ஷீலா சொன்னாள், சொல்ல மாட்டேன் என்றவளை மிரட்டித்தான் வாங்கினேன். நீங்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இந்தச் சந்தைக்காரி கீரையில பொட்டு மண்ணு கெடையாது. செபஸ்தி இவகிட்டப் போயிக் கத்துக்கிரணும்" என்றீர்களாம்.

அந்தச் சந்தைக்காரி நான்தான். அடுத்த புதனுக்கு மறு புதன் ஒன்பது மணி பஸ்ஸில் உங்கள் தம்பி நேராக உங்கள் வீட்டுக்கே வருவார், கரம்பை மண்ணில் முளைத்த முதல் கீரையோடு. வரும்போது கொப்பரையின் சரியான மூடியைக் கொடுத்து அனுப்பவும்.